ஓவர்ஹாலா, ஆஃப்கட்டா? அப்பாவின் ஹைலக்ஸுக்கு எட்டாயிரம் ரிங்கிட்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில், ஆறு வருடம் அசையாமல் நின்ற வண்டி அது. டொயோட்டா ஹைலக்ஸ், 2எல் டீசல் எஞ்சின். அப்பா தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றியதும், மில்லுக்குச் செம்பனைக் குலை கொண்டுபோனதும் அதில்தான். அவர் போன பிறகு யாரும் சாவியைத் தொடவில்லை. சீட்டைக் கழற்றியபோது அடியில் எலி சேர்த்துவைத்த ரப்பர் விதை ஒரு கிலோவாவது இருந்திருக்கும். பல் படாத விதைகளில் பளபளப்பு அப்படியே இருந்தது. வெயில் மறைப்பைக் கீழே இறக்கினால் அதன் பின்பக்கம் முழுக்க அப்பாவின் பால்பேனா எழுத்து. எத்தனை கிலோமீட்டரில் ஆயில், எப்போது பில்டர், எப்போது டைமிங் பெல்ட், எல்லாம் வரிசையாக.

கையில் 8,000 ரிங்கிட். அதற்கு மேல் ஒரு வெள்ளிகூடக் கடன் வாங்க மாட்டோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் நானும் மச்சானும் கைவைத்தோம். முதல் நாளே கட்சி பிரிந்துவிட்டது. "பழைய எஞ்சினைப் பிரிச்சா காசு தண்ணியா போகும் மச்சான். காப்பார் பக்கம் போய் ஆஃப்கட் எடுத்துப் போட்டா மூணு நாள்ல ஸ்டார்ட்டு" என்றார் அவர். இருக்கிற எஞ்சினையே அளந்து பார்த்துச் சரிசெய்யலாம், அதாவது ஓவர்ஹால் செய்யலாம் என்றேன் நான்.

அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜப்பானில் கழித்த வண்டியைக் குறுக்கே வெட்டி, முன்பாதியைக் கன்டெய்னரில் கொண்டுவருவதுதான் ஆஃப்கட். எஞ்சினோடு கியர்பாக்ஸ், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ரேடியேட்டர், வயரிங் எல்லாம் ஒரே மூட்டையாக வந்துவிடும். தனித்தனியாக வாங்கினால் செலவு கூடும். மெஷின் ஷாப்பில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் அந்த எஞ்சினின் கதை யாருக்கும் தெரியாது. எந்த முற்றத்தில் எத்தனை மாதம் மழையில் கிடந்தது, சூடேறி ஓடியதா, பெல்ட் எப்போது மாற்றியது, எதையும் கேட்க முடியாது. 2எல் எஞ்சினில் ஹெட் விரிசல் பழைய வியாதி. வெளியே பார்த்தால் தெரியாது, வண்டியில் ஏற்றிச் சூடான பிறகுதான் தண்ணீர் குறைய ஆரம்பிக்கும். எங்கள் எஞ்சினின் கதையோ வெயில் மறைப்பில் எழுதியே இருந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் தாள். எஞ்சின் நம்பர் கிராண்டில், அதாவது வண்டியின் பதிவுத் தாளில், ஏறியிருக்கிறது. வேறு எஞ்சின் போட்டால் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதலும் வண்டிச் சோதனையும் வேண்டும். கடை ரசீதும் அந்த எஞ்சின் இறக்குமதியானதற்கான சுங்கத் தாளும் கேட்பார்கள். தாள் இல்லாமல் விலையைக் குறைத்துத் தரும் இடங்கள் உண்டு. அங்கே மிச்சம் பிடித்த காசு பிறகு ரோட் பிளாக்கிலும், விபத்தானால் இன்சூரன்ஸிலும், வண்டியைக் கைமாற்றும்போதும் வட்டியோடு வெளியே போகும். ஆஃப்கட் எடுப்பவர்கள் முதலில் தாளைப் பாருங்கள், பிறகு எஞ்சினைப் பாருங்கள்.

ஓவர்ஹால் என்றதும் பிஸ்டன் முதல் பேரிங் வரை எல்லாம் புதுசு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அளந்து பார்த்து, தேய்ந்ததை மட்டும் தொட்டால் போதும். வருடக்கணக்கில் நின்ற எஞ்சினுக்குப் பேட்டரி கொடுத்துச் சுற்றவே கூடாது. குளோ பிளக் நான்கையும் கழற்றி, ஓட்டைக்கு ஒரு மூடி டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். தினம் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் மாட்டிக் கையால் அழுத்திப் பார்த்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு சின்ன 'க்ளக்', பிறகு வழுவழுவென்று சுற்றியது. அப்பா பெல்ட் மாற்றி 60,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. கணக்குப்படி 100,000 வரை ஓடும். ஆனாலும் ரப்பருக்கு வயதுதான் கணக்கு என்பதால், ஸ்டார்ட் செய்யும் முன்பே புது பெல்ட் போட்டோம். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதிவிடும்.

பிறகு கம்ப்ரஷன் பார்த்தோம். நல்ல நிலையில் 2எல் எஞ்சின் 450 பி.எஸ்.ஐ. பக்கம் காட்டும், 280க்குக் கீழே இறங்கினாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 70க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ பிரிக்க வேண்டியதுதான். எங்களுடையதில் மூன்று 380ஐ ஒட்டி, ஒன்று மட்டும் 260. ஹெட்டைத் திறந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வு சீட் அரித்திருந்தது. போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், நன்றாகவே இருந்தது. ஈப்போவில் ஹெட்டுக்குப் பிரஷர் டெஸ்ட் செய்து, விரிசல் இல்லை என்று உறுதியான பிறகு, வால்வு உராய்த்து, புது கேஸ்கெட் போட்டு மூடினோம். பிளாக்கைத் தொடவே இல்லை. விரிசல் இருந்திருந்தால், அல்லது கிராங்க் போயிருந்தால், நானே மச்சானோடு காப்பாருக்குப் போயிருப்பேன். அப்போதும் அதே 2எல் எஞ்சின்தான் எடுத்திருப்பேன். பெரிய 3எல் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும் என்பார்கள், ஆனால் சி.சி. மாறினால் கிராண்டிலும் மாற்ற வேண்டும்.

இதற்கு நடுவில் ஒரு சின்னச் சுத்தியல் எங்கள் கணக்கையே புரட்டிப்போட்டது. சேசியை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே போனேன். முன்பக்கம் 'டங் டங்' என்று மணி மாதிரி. பின் ஸ்பிரிங் தொங்கும் கொக்கிக்குப் பக்கத்தில் 'டொக்'. ஸ்க்ரூடிரைவரை அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போனது. உள்ளேயிருந்து ஈர மண்ணும் வெள்ளை உப்பும் கொட்டின. அது பொட்டாஷ் உரம். பொட்டாசியம் குளோரைடு இரும்பைத் தின்பதில் கடல் தண்ணீருக்குச் சளைத்ததில்லை. மூட்டையில் சிந்தியது பெட்டி இடுக்கு வழியாகச் சேசிக்குள் இறங்கி, ஒவ்வொரு மழைக்கும் உயிர்பெற்று அரித்திருக்கிறது. தோட்டத்தில் ஓடிய பிக்கப் வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்க்காதீர்கள். படுத்துக்கொண்டு பின் ஸ்பிரிங் கொக்கியைத் தட்டிப் பாருங்கள்.

இங்கேயும் இரண்டு வழி இருந்தது. ஒரு பட்டறையில் ஃபைபர் ஒட்டி, புட்டி பூசி, மேலே கருப்பு அடித்துத் தருகிறோம் என்றார்கள். வெட்டி வெல்டிங் அடிப்பதற்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்டார்கள். கதவின் அடிப்பாகத்துக்கும் மட்கார்டுக்கும் அது சரி. பாரம் தாங்காத இடம், இரண்டு மூன்று வருடம் கழித்து மறுபடி செய்துகொள்ளலாம். சேசிக்கு அது ஆபத்து. ஃபைபர் பாரம் தாங்காது, உள்ளே ஈரத்தை அடைத்துவைத்து வேகமாக அரிக்கவிடும். ஒரு டன் குலை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது அந்தக் கொக்கி விட்டால் பின் ஆக்ஸில் என்ன ஆகும் என்று யோசித்த பிறகு எனக்குப் பேரம் பேசவே மனம் வரவில்லை.

அதனால் வெட்டினோம். பளபளப்பான இரும்பு தெரியும்வரை அரித்ததை எடுத்துவிட்டு, சேசியின் கனத்துக்கே தகடு. தகட்டின் முனையை நேராக வெட்டாமல் மீன்வால் மாதிரி சாய்த்து வெட்டச் சொன்னார் வெல்டிங் செய்த அண்ணன். "நேர்க்கோட்டுல வெல்டிங் அடிச்சா அந்தக் கோட்டுலயே விரியும் தம்பி, சாய்வா போனா பாரம் பிரிஞ்சு போகும்" என்றார். பேட்டரி வயரையும் டீசல் டேங்கையும் கழற்றிய பிறகே தீப்பொறி. சேசி நம்பர் குத்திய இடத்தின் பக்கம் கிரைண்டரைக் கொண்டுபோகவே இல்லை. உப்பை இரண்டு நாள் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, காயவிட்டு, துத்தநாக பிரைமர் அடித்து, சேசிக்குள்ளே மெழுகு எண்ணெய் பீய்ச்சினோம். கழுவாமல் அடித்த பெயிண்ட் உப்பின் மேல் போட்ட போர்வைதான்.

சாமான் வாங்குவதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. இரும்பைப் பொத்தோங் கடையில் (பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடை) பழசாக வாங்கலாம்: கதவு, ஹப், ஸ்டீயரிங் பாக்ஸ். ரப்பரைப் பழசாக வாங்கக் கூடாது: பிரேக் கப், ஹோஸ், புஷ், டயர். டயரில் குத்திய குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் அதைத் தயாரித்த வாரமும் வருடமும். பூ நிறைய இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். டீசல் ஹோஸ் அத்தனையும் புதுசு. இப்போது பம்பில் வருவது பாமாயில் கலந்த பயோடீசல்; டேங்கின் பழைய அழுக்கையெல்லாம் கிளப்பி பில்டரில் கொண்டுவந்து அடைக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். டேங்கைக் கழுவாமல் ஓட்டினால் முதல் வாரத்திலேயே நடுரோட்டில் நிற்பீர்கள்.

பெட்ரோல் எஞ்சினுக்கு மாறிவிடலாமா என்றும் ஒருவர் கேட்டார். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியதிலிருந்து இந்தக் கேள்வி எல்லா மெக்கானிக் கடையிலும் கேட்கிறது. மாதம் சில தடவை பாரம் ஏற்றும் வண்டிக்கு அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால், எஞ்சின் மாற்றும் செலவை மீட்க வருடங்கள் ஆகும். அதோடு தாள் வேலை வேறு.

கடைசியில் சேசிக்கும் வெல்டிங்குக்கும் 2,700, எஞ்சினுக்கு 2,900, பிரேக், டயர், ரப்பர் சாமானுக்கு 1,500, சோதனை, இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ் எல்லாம் சேர்த்து 700. இவ்வளவு நாள் ரோட் டேக்ஸ் இல்லாமல் கிடந்த வண்டி என்றால், ஒரு நட்டைக் கழற்றும் முன் ஜே.பி.ஜே. கவுண்டரில் கிராண்டைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். நாங்கள் அதைத்தான் முதலில் செய்தோம். மிச்சம் 200 ரிங்கிட். பெயிண்டுக்கு அது போதாது, அதனால் பெட்டி இன்னும் சாம்பல் பிரைமரில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு அடித்துக்கொள்ளலாம் என்று மச்சானும் சொல்லிவிட்டார்.

முதல் ஓட்டத்துக்கு அம்மா முன்சீட்டில் ஏறினார். வண்டியை எடுக்கும் முன் வெயில் மறைப்பை இறக்கி, அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: 268,900, ஆயில், பில்டர், பெல்ட்.