நான்கு ஆண்டுகளாக இரவில் பைபாப்: என் அனுபவம்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள நான், முகக்கவசம் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுக்கு உதவும் பைபாப் கருவியை இரவுதோறும் பயன்படுத்தத் தொடங்கி நான்கு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. மூச்சுத்திணறல் முற்றி மருத்துவமனையில் கிடந்தபோதே இந்தச் சிகிச்சை எனக்கு அறிமுகமாகியிருந்தாலும், வீடு திரும்பும்போது கருவியை எழுதித் தரவில்லை. தீவிர நிலை தணிந்தபின் கரியமில வாயு தானாகவே இறங்கிவிடக்கூடும் என்பதால், நான்கு வாரம் கழித்துத் தமனி ரத்தத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். 35 முதல் 45 வரை இருக்க வேண்டிய அளவு எனக்கு 58 மி.மீ. பாதரசத்தில் நின்றது.

எனக்கு அது நம்பும்படியாக இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 90 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும் என்றும் சொல்லியிருந்தார்கள். வெளியேற வேண்டிய கரியமில வாயு உள்ளே தேங்குவதை அந்தச் சிறு கருவி காட்டாது என்பது எனக்குத் தெரியவில்லை. காலைத் தலைவலியையும், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுவதையும் வயதின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

மூச்சை இழுக்கும்போது கூடுதல் அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தந்து, களைத்துப்போன மூச்சுத் தசைகளின் வேலையைக் கருவி பகிர்ந்துகொள்கிறது. மூச்சை இழுப்பதற்குத் தொடக்கத்தில் வைத்த 14 செ.மீ. நீர் அழுத்தம் சுகமாகத்தான் இருந்தது, ஆனால் கரியமில வாயு அசையவில்லை. படிப்படியாக 22க்கு உயர்த்தியபோது வயிற்றில் காற்று நிறைந்து விடியும்வரை ஏப்பம் வந்தது. குறைத்துவிடுங்கள் என்று கேட்டேன். கரியமில வாயு நன்றாக இறங்கும் அளவுக்கு அழுத்தத்தை வைத்து நடத்திய ஒரு ஜெர்மன் ஆய்வில், ஓராண்டு இறப்பு 33 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்ததாக 2014இல் வெளியான முடிவை மருத்துவர் எடுத்துச் சொன்னார். அதற்குமேல் நான் வாதாடவில்லை. ஏப்பமும் மூன்று வாரத்தில் அடங்கியது.

உண்மையான போராட்டம் முகக்கவசத்தோடுதான். முதல் இரவு, கவசத்தின் முன்புறத் துளைகளிலிருந்து காற்று சீறுவதைக் கசிவு என்று நினைத்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். நாம் விடும் மூச்சு வெளியேறுவதே அந்த வழியாகத்தான் என்பதை அறிந்திருந்த என் மகள் ஓடிவந்து பிய்த்தெறிந்தாள். அடுத்து, கண்ணோரம் காற்று கசிகிறதென்று பட்டைகளை இறுக்கிக்கொண்டே போனதில் மூக்குத்தண்டில் தோல் உரிந்து புண்ணானது. இறுக்க இறுக்கக் கசிவு கூடத்தான் செய்யும். படுத்த நிலையில் கருவியை ஓடவிட்டு, கவசத்தை முகத்திலிருந்து சற்றே தூக்கினால் அதன் சிலிகான் விளிம்பு காற்றில் உப்பும். அப்படியே மெல்ல அமர்த்தி, பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விட்டால் போதும். இந்த ஒன்றைக் கற்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. கருவியைத் தேர்ந்தெடுப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது கவசத்தின் அளவைப் பார்ப்பதற்குச் செலவிட்டிருக்கலாம்.

ஈரப்பதமூட்டியில் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுகிறேன். குளிர்காலத்தில் குழாயில் நீர் கோத்துக் கன்னத்தில் சொட்டியது. கருவியைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்ததும் நின்றது.

ஆறு மாதத்தில் கரியமில வாயு 47க்கு வந்தது. மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சில் பெரிய மாற்றமில்லை. அதை எதிர்பார்த்து வாங்குவோர் ஏமாறுவார்கள். ஆனால் கருவி வருவதற்கு முந்தைய ஓராண்டில் மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்த நான், இந்த நான்கு ஆண்டுகளில் ஒரே முறைதான் சேர்ந்தேன். சென்ற மாதம் சளியால் மூக்கடைத்ததைச் சாக்காக வைத்து இரண்டு இரவுகள் கவசம் அணியாமல் தூங்கினேன். மூன்றாம் நாள் காலையில் அந்தப் பழைய தலைவலி திரும்பி வந்திருந்தது.