தேனி வாழைக்குத் தூத்துக்குடியா, கொச்சியா?

தேனி மாவட்டத்து ஜி9 (கிராண்ட் நைன்) ரக வாழையைக் காயாகவே வளைகுடா நாடுகளுக்கு அனுப்புவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது துறைமுகத்தைத்தான். மூன்று பருவங்கள் தூத்துக்குடி வழியாகவும், அதன்பின் இரண்டு பருவங்கள் கொச்சி வழியாகவும் துபாய்க்கு ரீஃபர் (குளிரூட்டப்பட்ட) கன்டெய்னர்களை அனுப்பிய பிறகு, நான் கொச்சியைத் தேர்ந்துகொண்டேன்.

சாலையைப் பொறுத்தவரை தூத்துக்குடிக்கே வெற்றி. மதுரை வழியாக இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மதுரைக்கு அப்பால் நான்குவழிச் சாலை. கொச்சிக்கு வரைபடத்தில் தூரம் குறைவாகத் தெரிந்தாலும், குமுளி மலைப்பாதை வளைவுகளில் நாற்பது அடி டிரெய்லரை ஓட்ட எங்கள் ஓட்டுநர்கள் விரும்புவதில்லை. பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு என்று சுற்றித்தான் செல்கிறார்கள். டீசலும், சாலையில் கன்டெய்னரைக் குளிராக வைக்கும் ஜென்செட் (ஜெனரேட்டர்) வாடகையும் அதற்கேற்பக் கூடுகின்றன.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது சாலையன்று, கொழும்பு. தூத்துக்குடியில் ஏற்றிய எங்கள் கன்டெய்னர்கள் பெரும்பாலும் ஃபீடர் எனும் சிறிய இணைப்புக் கப்பலில் கொழும்பு சென்று, அங்கே நெடுந்தூரம் செல்லும் பெரிய தாய்க்கப்பலுக்கு மாறின. அந்தத் தாய்க்கப்பல் வாரத்துக்கு ஒன்றுதான். ஃபீடர் ஒரு நாள் பிந்தினாலும் சரக்கு ஒரு வாரம் காத்துக் கிடக்கும். வாழைக்குரிய கடிகாரமோ தாரை வெட்டிய கணத்திலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. பதின்மூன்றரை டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் பழுப்பது தள்ளிப்போகும், நின்றுவிடாது. பதின்மூன்றுக்குக் கீழே இறக்கினாலோ குளிரால் தோல் கறுத்துவிடும். ஒரு பெட்டியில் சில காய்கள் பழுத்தால் அவை வெளியிடும் எத்திலீன் வாயு பக்கத்துப் பெட்டிகளையும் பழுக்க வைக்கும். கொழும்பில் தாய்க்கப்பலைத் தவறவிட்ட ஒரு கன்டெய்னரைத் துபாயில் திறந்தபோது, ஏறத்தாழ இருபது டன் சரக்கில் பெரும்பகுதி மஞ்சளாகியிருந்தது. தன் அறையில் தானே பழுக்கவைத்துச் சந்தைக்கு அனுப்புவதற்காகக் காய் வாங்கும் இறக்குமதியாளருக்கு அது பயன்படாது. விலையை அவர் குறைத்தபோது மறுத்துப் பேச எங்களிடம் எந்த நியாயமும் இல்லை.

கொச்சி வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்திலிருந்து துபாயின் ஜெபல் அலி துறைமுகத்துக்கு நாங்கள் பயன்படுத்தும் கப்பல் நேராகச் செல்கிறது. அதுவும் பிந்தத்தான் செய்கிறது. ஆனால் கப்பல் கொச்சிக்கு வரும் முன்பே அந்தத் தாமதம் எங்களுக்குத் தெரிந்துவிடுவதால், தார் மரத்தில் இருக்கும்போதே அறுவடையைத் தள்ளிவைக்க முடிகிறது. கொழும்பில் நேரும் தாமதம் நமக்குத் தெரியவரும்போது தார் வெட்டி, சீப்புப் பிரித்து, கழுவி, பெட்டியிலிட்டு எல்லாம் முடிந்திருக்கும். செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிராது. மரத்திலும் சில நாட்களுக்கு மேல் விடக் கூடாது என்பது உண்மை: முக்கால் பங்கு முற்றிய காயே ஏற்றுமதிக்கு ஏற்றது, அதைத் தாண்டித் திரண்டுவிட்டால் வழியிலேயே பழுக்கும்.

கேரளத்துத் தென்மேற்குப் பருவமழையில் நான் அனுப்பியவை சில கன்டெய்னர்களே. அவை பழுதின்றிச் சேர்ந்தன என்பதைக் கொண்டு அந்த மாதங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன். தூத்துக்குடியிலிருந்து நேர்க்கப்பலில் இடம் உறுதியாகக் கிடைக்கும் வாரங்களில் அங்கேயே அனுப்புவேன், சாலைச் செலவும் மிச்சமாகும். மற்ற வாரங்களில், கப்பல் கொச்சிக்கு வரும் நாளை முகவர் உறுதிசெய்த பிறகே வெட்டுக்காரர்களைத் தோட்டத்துக்கு அழைக்கிறேன்.