ரெட் நீ சிலந்தி வாங்கப் போகிறீர்களா? பணம் போடும் முன் இதைப் படியுங்கள்

டாரன்டுலா (உடம்பெல்லாம் மயிருள்ள பெரிய சிலந்தி) விற்பதாக யாராவது உங்களுக்குப் படம் அனுப்பினால், இன்னொரு படமும் கேளுங்கள். முதல் ஜோடிக் கால்களின் அடிப்பக்கம் தெரிய வேண்டும். அங்கே சின்னக் கொக்கி போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், வாயருகே உள்ள இரண்டு குட்டைக் கால்களின் நுனி உருண்டை கட்டியிருந்தால், அது முதிர்ந்த ஆண். எல்லா இனத்து ஆணுக்கும் கொக்கி இருக்காது. ஆனால் நான் வாங்கிய மெக்சிகன் ரெட் நீ இனத்தில் இருக்கும்.

எனக்கு வந்த நாலு படமும் மேலிருந்து எடுத்தவை. கறுத்த உடம்பு, முட்டிகளில் ஆரஞ்சுச் சிவப்பு. இரண்டு வருடமாக ஆசைப்பட்டுப் படித்துக்கொண்டிருந்தவன் நான், அந்த நிறத்தைப் பார்த்ததும் அடிப்பக்கத்தைக் கேட்கத் தோன்றவில்லை. "பெண்தான் ப்ரோ, சட்டை உரிச்சதை வெச்சு செக் பண்ணியாச்சு" என்றார் விற்றவர். அந்தச் சட்டையையாவது கேட்டிருக்க வேண்டும். உரித்த தோலில் வயிற்றுப் பகுதியைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் ஆணா பெண்ணா என்று சொல்வார்கள். உண்மையாகப் பார்த்தவரிடம் தோலோ, அதன் படமோ இருக்கும்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இந்த இனத்தில் பெண் இருபது வருடத்துக்கு மேலும் வாழும். ஆண் கடைசியாகச் சட்டை உரித்து முதிர்ந்த பிறகு பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம்தான். நான் 14,000 ரூபாய் கொடுத்தது இருபது வருடத் துணைக்கு. கைக்கு வந்ததோ கடைசி மாதங்களில் இருந்த ஓர் உயிர்.

பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் அனுப்பினார். போன டிசம்பரில், விடிகாலை ஐந்து மணிக்கு, தருமபுரி பைபாஸ் மேம்பாலத்துக்குக் கீழே நின்று வாங்கினேன். அந்தக் குளிரில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரமான டிஷ்யூ, மூடியில் ஒரு ஓட்டைகூட இல்லை. வயிறு சுருங்கி, கால்களை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. உயிருள்ள எதையும் இப்படி அனுப்புகிறவரை நம்பக் கூடாது என்று அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தொட்டியையும் 2,500 ரூபாய்க்கு அவரே தலையில் கட்டினார். இரண்டடி உயரக் கண்ணாடித் தொட்டி, அடியில் இரண்டு விரல் அளவுக்கு நார்த்தூள், நடுவே ஒரு கொட்டாங்கச்சி. கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு: மேலே பல்பு எரிய வேண்டும், தினம் தண்ணீர் தெளிக்க வேண்டும், மல்லாந்து கிடந்தால் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், உடனே திருப்பிப் போட வேண்டும்.

மூன்றும் தவறு. இது மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தில், தரையில் வளை தோண்டி வாழும் சிலந்தி. தோண்ட ஆழமான நார்த்தூள், ஓரமாக ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிய ஓர் இடம், அவ்வளவுதான் தேவை. தருமபுரி வெயிலுக்கு பல்பு எதற்கு? அது உடம்பைக் காய வைக்கும். மல்லாந்து கிடப்பது பெரும்பாலும் சட்டை உரிக்கத்தான். அப்போது திருப்பினாலோ தொட்டாலோ செத்துப்போகலாம். உயிர் போகிறது என்றால் நிமிர்ந்த நிலையிலேயே கால்களை எல்லாம் அடியில் மடக்கிக்கொள்ளும். சட்டை உரிக்கும் சமயத்தில் உள்ளே கரப்பானோ கிரிக்கெட் பூச்சியோ இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், மெத்தென்று கிடக்கும் சிலந்தியை அவை கடித்துத் தின்றுவிடும். உரித்த பிறகும் பல் கறுத்துக் கெட்டியாகும் வரை, ஓரிரண்டு வாரமாவது, இரை போடக் கூடாது.

ஆனால் என் சிலந்தியைக் கெடுத்தது அந்த உயரம். ராத்திரி முழுக்க நடந்துகொண்டே இருந்தது. பெண் தேடி அலையும் ஆண் அப்படித்தான் அலையும் என்று அப்போது எனக்குத் தெரியாது, இடம் பழகவில்லை என்று நினைத்தேன். ஒன்பதாவது நாள் இரவு கண்ணாடியில் உச்சி வரை ஏறி, கொட்டாங்கச்சி மேல் விழுந்தது. சத்தம் கேட்டு லைட் போட்டால், வயிற்றில் ஒரு கீறல், அதிலிருந்து லேசான நீல நிறத்தில் ரத்தம். கை நடுங்க மக்காச்சோள மாவைத் தூவினேன், கசிவு நின்றது. அம்மா பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவரை அந்த அறைக்குள் காலே வைக்காதவர், "பாவம்டா, அதுக்கும் வலிக்கும்ல" என்றார்.

அதன்பின் இரண்டு மாதம் இருந்தது. நீளமான, உயரம் குறைந்த பெட்டிக்கு மாற்றினேன். இரையைத் தொடவில்லை, தண்ணீர் மட்டும் குடித்தது. மார்ச் முதல் வாரம் காலையில் பார்த்தபோது கிண்ணத்துக்குப் பக்கத்தில் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. எடுத்துத் திருப்பியபோதுதான் முதல் முறையாக அந்தக் கொக்கிகளைப் பார்த்தேன்.

விற்றவருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். "பில் இருக்கா ப்ரோ?" என்றார். புகார் கொடுப்பேன் என்றதற்கு, "கொடுங்க, ஃபாரஸ்ட்காரங்க முதல்ல உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க" என்றார். அவர் தொழிலே இந்தப் பயத்தின் மேல்தான் நடக்கிறது. இந்தச் சிலந்தி 1985 முதல், அரிய உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. நம் வனவிலங்குச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருந்தால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். அவர் பதிவும் தரவில்லை, பில்லும் தரவில்லை. கேட்காமல் வாங்கிய குற்றம் என்னுடையது. ஏமாந்தவன் வாயைத் திறக்க முடியாதபடி ஆரம்பத்திலேயே பூட்டிவிடுகிறார்கள்.

அப்புறம் சமாதானமாக ஒன்று சொன்னார்: "லோக்கல் மரச்சிலந்தி ஒண்ணு வருது, தொப்பூர் பக்கம் பிடிச்சது, ஃப்ரீயா தர்றேன்." எனக்குப் பணம் போனதைவிட இதுதான் அதிகம் வலித்தது. தொப்பூர் கணவாயைத் தாண்டினால் வரும் காடையாம்பட்டியில் கிடைத்ததை வைத்துத்தான் 1899-ல் போகாக் என்ற விஞ்ஞானி பொய்சிலோதீரியா ஃபார்மோசா என்ற மரச்சிலந்தியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பழைய மரங்களின் பொந்துகளில் வாழ்வது, இன்று அழியும் நிலையில் இருக்கிறது. 2019-லிருந்து அந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் பட்டியலில். கடித்தால் கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் வரும், முதன்முதலாக வளர்ப்பவர் வீட்டுக்கு ஏற்றதே அல்ல. மெக்சிகோ சிலந்திக்கு ஈடாக நம் மலையின் சிலந்தியை இலவசம் என்கிறார். வேண்டாம் என்றேன். உடனே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

வன அலுவலகத்துக்குப் போய், நான் பதிவில்லாமல் வாங்கியதையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தொப்பூர்ச் சிலந்தி பற்றிய அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்திருக்கிறேன். என் மேல் நடவடிக்கை வந்தால் வரட்டும்.

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி, "அண்ணா, 16,000 சொல்றாங்க, இது பெண்தானே?" என்று கேட்டு நாலு படம் அனுப்பியிருந்தான். மேலிருந்து எடுத்தவை. பின்னால் எனக்கு வந்த படங்களில் இருந்த அதே பச்சைத் தரை டைல்ஸ், ஓரத்தில் அதே விரிசல். என் சிலந்தி செத்து மூன்று மாதம் ஆகிறது, அதன் படத்தைக் காட்டி இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்.