ஒட்டுப்போர்வை தைப்பவர்களுக்கு: ஓல்ஃபா 45 மி.மீ. ரோட்டரி கட்டர்

ஒட்டுப்போர்வையில் சதுரங்களின் முனைகள் சேராமல் போனால் எல்லோரும் முதலில் தையலைத்தான் சந்தேகப்படுவார்கள். தவறு பல நேரம் அதற்கு முன்பே, வெட்டும்போதே நடந்திருக்கும். கத்தரியின் கீழ் அலகு துணியை மேசையிலிருந்து தூக்கித்தான் வெட்டும். இரட்டை மடிப்பில் வெட்டினால் மேல் துணி ஓர் அளவு, கீழ்த் துணி ஓர் அளவு. ரவிக்கையில் அரை நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) கூடினாலும் குறைந்தாலும் சரிக்கட்டிவிடலாம். 432 சதுரங்களைச் சேர்க்கும் வேலையில் அது நடக்காது.

ரோட்டரி கட்டர் துணியைத் தூக்காது; வட்ட பிளேடு துணிமேல் உருண்டு போகும். இதை 1979-இல் கொண்டுவந்தது ஜப்பானின் ஓல்ஃபா. நுனி மழுங்கினால் ஒடித்துவிட்டுத் தொடரும் கத்தியைக் கண்டுபிடித்ததும் இதே நிறுவனத்தார்தான். அவர்கள் மொழியில் ‘ஓரு’ என்றால் ஒடிப்பது, ‘ஹா’ என்றால் அலகு. பெயரே அதிலிருந்து வந்தது.

18, 28, 45, 60 மி.மீ. அளவுகளில் பிளேடு கிடைக்கிறது. போர்வை வேலைக்கு 45 வாங்குங்கள். நான்கு மடிப்புப் பருத்தியை ஒரே இழுப்பில் வெட்டும். 28 வளைவுகளுக்கு நல்லது, நீள வெட்டுக்குக் கை வலிக்கும். மஞ்சள் நேர்ப்பிடி மாடல் எளிமையானது. வலக்கை, இடக்கை இரண்டுக்கும் ஒத்துவரும். அதன் ஒரே குறை, மூடியை நாமே தள்ளி மூட வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் பிடியை அழுத்தினால் மட்டும் பிளேடு வெளியே வரும் மாடல்தான் சரி. கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள்.

கட்டரை மட்டும் வாங்கினால் பயனில்லை. துணிக்கு அடியில் விரிக்கும் கட்டிங் மேட்டும், 6க்கு 24 இஞ்ச் அக்ரிலிக் ஸ்கேலும் சேர்ந்தால்தான் அது கருவி. மெல்லிய இரும்பு ஸ்கேலை வைத்து வெட்டவே கூடாது: பிளேடு ஸ்கேல்மேல் ஏறி விரலுக்கு வந்துவிடும். மேட்டில் ஏ3 அளவைத் தவிர்த்து ஏ2 எடுங்கள். 44 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள துணியைக் கரையோடு கரை மடித்தால் 22 இஞ்ச். ஏ2-வில் அது அப்படியே உட்காரும். ஏ3-யில் மறுபடி மடிக்க வேண்டும், மடிப்பு கூடக் கூடப் பிசகும் கூடும். மேட்டில் அச்சிட்ட கோடுகளை நேராக்க மட்டும் பயன்படுத்துங்கள். அளவு எடுப்பது எப்போதும் ஸ்கேலில்.

கட்டரின் அருமை தெரிய வேண்டுமானால் ஒன்பது சதுரம் சேர்ந்தது ஒரு கட்டம் என்று தைக்கும் போர்வை ஒன்றை அதில் வெட்டிப் பாருங்கள். குழந்தைக்கு 36க்கு 48 இஞ்ச். அடர்நிறத் துணி ஒன்றேகால் மீட்டர், வெளிர்நிறம் ஒரு மீட்டர். சுங்குடி, கைத்தறிக் கட்டம், பழைய பருத்திப் புடவை எதுவும் ஆகும். முதலில் அலசுங்கள். சிவப்பும் நீலமும் சாயம் விடும், பருத்தி சுருங்கவும் செய்யும். லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் துணி பிளேடுக்கு முன்னால் நகராது. இரண்டரை இஞ்ச் பட்டை அடர்நிறத்தில் 15, வெளிர்நிறத்தில் 12. அடர்-வெளிர்-அடர் என்று ஆறு செட், வெளிர்-அடர்-வெளிர் என்று மூன்று செட் தைத்து, அவற்றைக் குறுக்கே மறுபடி இரண்டரை இஞ்சில் வெட்ட வேண்டும். செட்டுக்கு 16 துண்டு. மொத்தம் 144 துண்டு. அடர்-வெளிர்-அடர் துண்டு இரண்டுக்கு நடுவே வெளிர்-அடர்-வெளிர் ஒன்று வைத்தால் ஒரு கட்டம், ஆக 48 கட்டம். சதுரம் சதுரமாகச் சாக்பீஸில் வரையும் வேலையே இல்லை. மூன்று பட்டையும் சேர்ந்த துண்டுகள் மேட்டில் வரிசையாக விழுவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே இந்த முறையைக் கற்கலாம்.

வெட்டும் முறை: நின்றுகொண்டு, உங்களிடமிருந்து வெளிப்பக்கம் தள்ளி வெட்டுங்கள். பிளேடு ஸ்கேலோடு ஒட்டிச் செங்குத்தாக இருக்கட்டும். ஸ்கேலை அழுத்தும் கையின் சுண்டுவிரலை ஸ்கேலுக்கு அப்பால், வெட்டாத பக்கம் மேட்டில் ஊன்றினால் ஸ்கேல் வழுக்காது.

வெட்டிய பட்டையைப் பிரித்துப் பாருங்கள். மடிப்பு இருந்த இடத்தில் பூமராங் மாதிரி வளைந்திருந்தால், மடிப்புக்கோடு ஸ்கேலுக்குச் செங்குத்தாக இல்லை என்று அர்த்தம். பட்டை இரண்டரை இஞ்ச்தான் இருக்கும், ஆனால் நேராக இருக்காது. மூன்று நான்கு பட்டைக்கு ஒருமுறை ஓரத்தை நேராக்கிக்கொண்டால் இது வராது.

தையல் கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல். மூன்று பட்டையைத் தைத்து விரித்து நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக இரண்டு இஞ்ச் இருக்க வேண்டும். தையல் அரை நூல் அகலமாகப் போனாலே, ஒரு வரிசையின் 18 சதுரத்துக்கு 17 தையலில் இரண்டு இஞ்சுக்கு மேல் போர்வை சுருங்கிவிடும். தையல் ஓரங்களை அடர்நிறப் பக்கம் சாய்த்து இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள், தேய்த்து இழுக்க வேண்டாம். அடர்நிறப் பக்கம் சாய்த்தால் இரு வரிசைத் தையலும் எதிரெதிராகப் படிந்து முனைகள் தாமாகப் பொருந்தும்.

பிளேடு பழுதானால் துணியே சொல்லிவிடும். சுமார் 14 செ.மீ.க்கு ஒருமுறை ஒரே சீராக நாலு இழை வெட்டாமல் நிற்கிறதா? அது 45 மி.மீ. பிளேடின் ஒரு சுற்று. குண்டூசிமேல் ஏறி அலகில் பல் விழுந்திருக்கும், மாற்றத்தான் வேண்டும். எல்லா இடத்திலும் அழுத்த வேண்டியிருந்தால் உடனே புது பிளேடு வாங்காதீர்கள். கழற்றிப் பாருங்கள், பின்னால் பஞ்சு அடைத்திருக்கலாம். துடைத்து ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டால் போதும். கழற்றும்போது நட், வாஷர், பிளேடு வந்த வரிசையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டை அதிகம் முறுக்கினால் பிளேடு சுற்றாமல் ஓர் இடமே தேயும், தளர்த்தினால் ஆடும்.

மேட்டுக்கு வெயில் ஆகாது. மொட்டைமாடி அறையிலோ காருக்குள்ளோ வைத்தால் நெளிந்துவிடும். அதன்மேல் இஸ்திரியும் சூடான டம்ளரும் கூடாது.

மீந்த சதுரங்களில் எட்டு இஞ்ச் பிடிதுணி தைக்கலாம். உள்ளே பருத்தி மட்டுமே வையுங்கள், பாலியெஸ்டர் பஞ்சு அடுப்புச் சூட்டில் உருகும். ரவிக்கையின் கைக்குழி வளைவுக்கு மட்டும் கத்தரிதான் தோது.

பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள். தூய்மைப் பணியாளர்கள் கையால்தான் பிரிக்கிறார்கள். மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே ‘பிளேடு’ என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.