காசு குடுக்கறது ஈஸி, கணக்கு பாக்கறதுதான் பாடு: மதுரை லீவு அனுபவம்

மார்கழி லீவுக்கு மதுரை போயிட்டு டாலஸ் திரும்பியாச்சு. எப்படி இருந்துச்சு ஊருன்னு கேக்கறவங்க எல்லாரும் ரோடு, டிராஃபிக், ஏர்போர்ட் பத்தி கேக்கறாங்க, எனக்குச் சொல்ல வர்றது வேற. ஊர்ல காசு குடுக்கறதுக்கு ஒரு செகண்டு போதும். குடுத்த காசு எங்க போச்சு, மொத்தம் எவ்வளவு இருக்குன்னு உக்காந்து பாக்கணும்னா லீவுல பாதி போயிடும். ரெண்டு நாட்டு சாஃப்ட்வேரும் சேந்துதான் இந்தக் கூத்து, இந்தியாவ மட்டும் திட்ட வரல.

முதல்ல எனக்கு ஏன் இந்த வேலைன்னு சொல்லிடறேன். அமெரிக்கால இருக்கறவங்க வெளிநாட்டு கணக்கு எல்லாத்தையும் சேத்து வருஷத்துல ஏதோ ஒரு நாள் 10,000 டாலர் தாண்டியிருந்தா எஃப்பார்னு ஒரு அறிக்கை அமெரிக்க அரசுக்கு ஃபைல் பண்ணணும், அதுல ஒவ்வொரு கணக்குலயும் அந்த வருஷத்துல இருந்த அதிகபட்ச பேலன்ஸ் எவ்வளவுன்னு எழுதணும். வருஷம்னா ஜனவரி டு டிசம்பர். நம்ம பேங்க் வட்டி சர்டிஃபிகேட் எல்லாம் ஏப்ரல் டு மார்ச். அதனால இந்த வருஷம் எல்லாத்தையும் ஒரே இடத்துல கொண்டுவந்துரணும்னு முடிவு பண்ணித்தான் ஃப்ளைட் ஏறினேன். இங்க வரவு செலவு பாக்கற மின்ட் ஆப்ப ரொம்ப காலம் யூஸ் பண்ணவ நான், 2024 மார்ச்ல அதோட கம்பெனி இன்ட்யூட் அதை மூடினப்ப லட்சக்கணக்கான பேர் மாதிரி நானும் காசு கட்டுற வேற ஒரு சாஃப்ட்வேருக்கு மாறினேன். பேரு வேணாம். விளம்பரத்துல மல்டி கரன்சின்னு பெருசா போட்டுருந்தான், அதை நம்பித்தான் வருஷ சந்தா கட்டினது.

ஊர்ல இறங்கின உடனே சிம். எல்லாத்துக்கும் கதவு அந்த சிம்தான்னு ஊர்ல இருக்கறவங்களுக்குத் தெரியாது, ஏன்னா அவங்க சிம் எப்பவும் அவங்க கையில இருக்கு. என் இந்திய நம்பர் இத்தனை வருஷமா தம்பியோட பழைய போன்ல உயிரோட இருக்கு, அவன்தான் ரீசார்ஜ் பண்றான், 90 நாள் எந்த உபயோகமும் இல்லன்னா நம்பர் போயிடும்ல. ஓடிபி வந்தா வாட்ஸப்ல கூப்பிட்டு சொல்லுவான். அவன் மீட்டிங்ல இருந்தான்னா என் பணம் எனக்கு இல்ல, அவ்வளவுதான். சரி இந்தத் தடவ சிம்ம என் போன்லயே போட்டுக்கலாம்னு பாத்தா அமெரிக்கால வாங்கின ஐபோன்ல 14 மாடல்ல இருந்தே சிம் போடற ஓட்டையே கிடையாது. இ-சிம்மா மாத்தணும். டவுன்ஹால் ரோட்டுல ஷோரூம் போனேன், பையன் பத்து நிமிஷத்துல மாத்திக் குடுத்துட்டு, "அக்கா, எஸ்எம்எஸ் மட்டும் நாளைக்கு இதே நேரம்தான் வரும்"ங்கறான். சிம் மாத்தினா 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது, அது ரூலாம். அடுத்தவன் நம்பர்ல சிம் எடுத்து அக்கவுண்ட்ட காலி பண்றவனத் தடுக்க வச்சது, தப்புன்னு சொல்ல முடியல. ஆனா யுபிஐ ரெஜிஸ்டர் பண்ண போன்ல இருந்து எஸ்எம்எஸ் போகணும், போகாது. மறுநாள் போச்சு, ரெஜிஸ்டர் ஆச்சு, புதுசா சேந்ததால முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் லிமிட்டுன்னு வந்துச்சு. அதுவரைக்கும் அம்மாகிட்ட கை நீட்டி காசு வாங்கி ஆட்டோக்கு குடுத்தேன், இந்த வயசுல.

அமெரிக்க நம்பரையே வச்சு யுபிஐ போடலாமேன்னு சிலர் கேப்பீங்க. போடலாம், 2023-லயே அமெரிக்கா, கனடா, யுகே, சிங்கப்பூர், யுஏஇ இப்படி பத்து நாட்டு நம்பருக்கு, வெளிநாட்டுல இருக்கறவங்க வச்சுக்கற என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோட அனுமதி குடுத்துட்டாங்க. ஆனா உங்க பேங்கும் அதுக்கு ரெடியா இருக்கணும், அந்த அமெரிக்க நம்பர் பேங்க்ல பதிவாகியிருக்கணும். என் பேங்க்ல அது நடக்கல.

யுபிஐ ஓட ஆரம்பிச்சதும் சொர்க்கம், அதை மறைக்க மாட்டேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லி வாங்கினா, இளநி குடிச்சா, செருப்பு தைச்சா, எல்லாத்துக்கும் ஸ்கேன், பெட்டி தமிழ்ல சத்தமா தொகைய சொல்லுது, கிளம்பிடலாம். 2025 ஆகஸ்ட்ல ஒரே மாசத்துல 2,000 கோடி பரிவர்த்தனை தாண்டுச்சுன்னு படிச்சப்ப ஆச்சரியமா இருந்துச்சு, மதுரைல நாலு நாள் சுத்தினா ஆச்சரியமே இருக்காது. டாலஸ்ல இன்னும் கார்டு மிஷின்ல டிப்ஸ் எத்தனை சதவீதம்னு அமுக்கிட்டு நிக்கறோம்.

ஆனா ராத்திரி உக்காந்து செலவப் பாத்தா ஒண்ணும் புரியாது. ஸ்டேட்மென்ட்ல வர்றது யுபிஐ, பக்கத்துல ஒரு நீள நம்பர், அப்புறம் ஒரு ஆளோட பேர் பாதி, பேங்க் பேர் பாதி. கடை பேரு வராது. சின்னக் கடைக்காரங்க முக்கால்வாசி பேர் சொந்தப் பேர்லதான் க்யூஆர் வச்சிருக்காங்க. முருகேச-ன்னு ஒரு 180 ரூபாய், அது டீக்கடையா பூக்கடையா பஞ்சர் கடையா? தெரியாது. என் அமெரிக்க சாஃப்ட்வேருக்கு இது எல்லாமே ஆளுக்கு ஆள் அனுப்பின பணம், அதனால மொத்த மதுரை செலவையும் டிரான்ஸ்ஃபர்னு ஒரே வகையில கொட்டி வச்சிருச்சு. நான் சொந்தக்காரங்களுக்கு அள்ளிக் குடுத்த மாதிரி ஒரு வட்ட சார்ட்டு வேற.

அதுகூட பரவால்ல, அந்த டேட்டாவ உள்ள கொண்டுவந்ததுதான் கொடுமை. இந்திய பேங்க் எதையும் அது நேரா இணைக்காது, ஃபைல் ஏத்தணும். நம்ம பேங்க் ஸ்டேட்மென்ட் எக்ஸெல்னு இறங்கும், மேல இருவது வரிக்கு பிராஞ்ச் அட்ரஸ், ஐஎஃப்எஸ்சி, நாமினி விவரம், அதுக்கப்புறம்தான் கணக்கு ஆரம்பிக்கும். அதெல்லாம் வெட்டி, வெறும் கமா போட்டுப் பிரிச்ச சிஎஸ்வி ஃபைல் ஆக்கி ஏத்தினேன். தேதி நம்மூர்ல நாள் முதல்ல, மாசம் அப்புறம், அமெரிக்கால மாசம் முதல்ல. டிசம்பர் 5 செலவு மே 12-க்குப் போயிருச்சு. டிசம்பர் 12 வரைக்கும் உள்ளதெல்லாம் வருஷம் பூரா மாசத்துக்கு ஒண்ணா சிதறிப் போச்சு, 13-க்கு மேல உள்ளது பதிமூணாவது மாசம் இல்லாததால தேதி தப்புன்னு தள்ளிருச்சு. அப்புறம் கமா. நாம 1,25,000-னு போடறோம், அது முதல் கமாவோட நிறுத்திக்கிட்டு ஒரு ரூபாய் வரவுன்னு எழுதிக்கிச்சு. எங்கப்பாவோட ரிட்டயர்மென்ட் பணத்துல எனக்கு அனுப்பின தொகை ஒரு ரூபாய். சப்போர்ட் சாட்ல கேட்டா முதல்ல ஒரு பாட், அப்புறம் ஒரு ஆள், உங்க பேங்க் எங்க லிஸ்ட்ல இல்ல, கோரிக்கையா பதிவு பண்ணிக்கறோம்னாங்க. நான் பேங்க இணைக்கச் சொல்லவே இல்ல, தேதிய மாத்தற ஒரு ஆப்ஷன் குடுங்கன்னுதான் கேட்டேன். திரும்பவும் அதே பதில்.

நடுவுல இன்னொரு கணக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி சென்னைல வேலை பாத்தப்ப ஆரம்பிச்சது, அப்புறம் முறைப்படி என்ஆர்ஓ-வா மாத்தியாச்சு, ரெண்டு வருஷத்துக்கு மேல நானா எதுவும் போடல எடுக்கலன்னு இனாப்பரேட்டிவ், அதாவது செயல்படாத கணக்கு ஆயிருச்சு. அதை எழுப்ப சிம்மக்கல் பக்கம் உள்ள பிராஞ்சுக்குப் போனேன். கவுன்ட்டர்ல இருந்தவர் நல்ல மனுஷன், உக்காரச் சொல்லி, "மேடம், நீங்க என்ஆர்ஐயா, அப்ப ஹோம் பிராஞ்ச்தான் போகணும், சென்னை"ன்னார். ரிசர்வ் பேங்க் 2024-லயே எந்த பிராஞ்ச்லயும் கேஒய்சிங்கற அடையாள விவரத்த புதுப்பிச்சு கணக்க எழுப்பலாம், அதுக்கு சார்ஜ் வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, போன்ல எடுத்துக் காமிச்சேன். படிச்சுப் பாத்து, "கரெக்ட்தான் மேடம், ஆனா சிஸ்டம் எடுக்குமா பாக்கணும்"னு உக்காந்தார். பாஸ்போர்ட், விசா, ஃபோட்டோ, பான் எல்லாத்துக்கும் வெளிய ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தேன். அட்ரஸ்ல வந்து நின்னுச்சு. பின்கோடு ஆறு இலக்கம் இல்லாம அந்த ஸ்கிரீன் அடுத்த பக்கம் போகாது, டெக்ஸாஸ் ஜிப் அஞ்சு இலக்கம். அவரும் நானும் ஸ்கிரீனப் பாத்துட்டே இருந்தோம், பின்னாடி லைன்ல நின்ன பெரியவர் ஒருத்தர் "முன்னாடி ஒரு சைபர் போட்டு விடுங்க சார்"னார். போட்டார். எடுத்துக்கிச்சு. அந்த நாட்டுல அப்படி ஒரு ஊரே கிடையாது, ஆனா என் கணக்கு எழுந்துருச்சு.

பாஸ்வேர்டு கதை தனி. ரிசர்வ் பேங்க் உத்தரவுப்படி 2025 அக்டோபர் 31-க்குள்ள பேங்க் எல்லாம் வெப்சைட்ட பேங்க் டாட் இன் முகவரிக்கு மாத்தணும், மாத்திட்டாங்க. போலி சைட்டத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனா என் பாஸ்வேர்டு மேனேஜருக்கு பழைய முகவரிதான் தெரியும், புதுசுல நிரப்ப மாட்டேங்குது, காப்பி பண்ணி ஒட்டலாம்னா அந்தப் பெட்டியில பேஸ்ட் வேலை செய்யாது, இருவது எழுத்து பாஸ்வேர்ட விரல்ல அடிக்கணும். ஒரு எழுத்து தப்பினா மறுபடி முதல்ல இருந்து. உள்ள போயி இறக்கின ஃபைலுக்கு தனி பாஸ்வேர்டு. மியூச்சுவல் ஃபண்ட், ஷேர் எல்லாம் சேத்து வர்ற ஸ்டேட்மென்ட்டுக்கு பான் பெரிய எழுத்துல. வருமான வரி சைட்ல இறக்கற வருஷ வரவு, வரி விவரமான ஏஐஎஸ்-க்கு பான் சின்ன எழுத்துல, கூடவே பிறந்த தேதி. பேங்குக்கு பேர்ல முதல் நாலு எழுத்து, பிறந்த நாள், மாசம். ஒரு மனுஷி, மூணு பூட்டு. இதுல ஏஐஎஸ் மட்டும் உருப்படி, சொல்லியாகணும். எந்தக் கணக்குல எவ்வளவு வட்டி வந்துச்சு, எவ்வளவு டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடிச்சாங்கன்னு வரிவரியா இருக்கு, என்ஆர்ஓ வட்டியில 30 சதவீதமும் மேல செஸ்ஸும் போனது பைசா சுத்தமா அங்க தெரிஞ்சுது. அதே டிடிஎஸ்ஸ என் சாஃப்ட்வேர் பேங்க் கட்டணம்னு போட்டு, பேங்க மாத்துங்கன்னு எனக்கு அட்வைஸ் பண்ணுச்சு.

சரி இந்தியாவிலயே எல்லாத்தையும் சேத்துக் காட்டற வழி இருக்கேன்னு தம்பி சொன்னான். இருக்கு, அக்கவுண்ட் அக்ரிகேட்டர், ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் குடுத்து 2021 செப்டம்பர்ல இருந்து ஓடுது, நாம சம்மதம் குடுத்தா நம்ம கணக்கு விவரம் ஒரு இடத்துக்கு வரும், எப்ப வேணா சம்மதத்த வாபஸ் வாங்கலாம். யோசனைன்னா இதுதான் யோசனை, அமெரிக்கால இன்னும் இதுக்கு சண்டை நடக்குது. தம்பிக்கு அழகா வந்துச்சு. எனக்கு என்ஆர்ஓ வரவே இல்ல, அப்பா அம்மாவோட ஜாயின்ட் கணக்கு கண்ணுலயே படல. அவங்க கணக்கத்தான் நான் முக்கியமா பாக்கணும், எழுபது தாண்டின ரெண்டு பேர், எந்த எஃப்டி எப்ப முதிருதுன்னு இங்கருந்து நான்தான் ஞாபகப்படுத்தறேன்.

அதுல ஒரு கூத்து தினம் நடக்கும். அப்பா ஆப்ப திறந்து பேலன்ஸ் காமிக்கணும், ஸ்கிரீன்ஷாட் எடுத்தா கருப்பா வரும், பாதுகாப்பு. ஸ்கிரீன் ஷேர் பண்ணலாம்னா ஆப் மூடிக்கும், அதுவும் பாதுகாப்பு, ஸ்கிரீன் ஷேர் பண்ண வச்சே எத்தனையோ பெரியவங்க பணத்த பறிகுடுத்திருக்காங்க. அதனால அப்பா ஆப்ப திறந்து வச்சுக்குவார், அம்மா தன் போன்ல அதை ஃபோட்டோ எடுப்பாங்க, டியூப்லைட் வெளிச்சம் நம்பர் மேலயே விழும், "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, கட்டை விரல எடுங்க"ன்னு அம்மா சொல்லி முடிக்கறதுக்குள்ள லாகவுட் ஆயிடும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு பேங்க்லயும் ஜனவரி டு டிசம்பர் ஸ்டேட்மென்ட் பேப்பர்ல பிரிண்ட் எடுத்து சீல் போட்டு வாங்கிட்டேன், ஒரு இடத்துல காசு கேட்டாங்க, குடுத்தேன். ஃப்ளைட்ல பேனா வச்சு பேலன்ஸ் காலம்ல விரல் ஓட்டி அதிகபட்சத்த வட்டம் போட்டேன், எஃப்பாருக்கு அது போதும். மத்தபடி ஒரு கூகுள் ஷீட், மாசம் ஒரு தடவ கையால. அந்த சந்தாவ நிறுத்தியாச்சு.

போறவங்களுக்கு ஒண்ணு மட்டும். இ-சிம் மாத்தறத இறங்கின அன்னிக்கே முடிங்க, அப்புறம் ஒரு ரெண்டு நாளைக்குக் கையில ரொக்கம் வச்சுக்கோங்க. சும்மா கிடக்கற கணக்குல வருஷத்துக்கு ஒரு தடவையாவது நூறு ரூபாய் போட்டு எடுங்க.

வந்ததும் பேங்குக்கு ஒரு புகார் எழுதினேன், வருஷத்துக்கு ஒரே ஃபைலா, மேல கதையெல்லாம் இல்லாம சிஎஸ்வி குடுங்கன்னு. 30 நாள்ல தீரலன்னா பேங்க் புகார விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்ல போடலாம், போடத்தான் போறேன். நேத்து பதில் மெயில் வந்துருக்கு, பிடிஎஃப்பா, பாஸ்வேர்டு போட்டு. மூணு பூட்டுக்கும் உள்ள சாவியப் போட்டுப் பாத்துட்டேன், திறக்கல. திங்கக்கிழமை கஸ்டமர் கேருக்கு கூப்பிடணும்.