மூணை இரண்டு தடவை அழுத்தினால்

போன ஞாயிற்றுக்கிழமை ஹப்புத்தளையிலிருந்து மச்சான் கோல் எடுத்தான். அவன் வீட்டு டிஷ் பெட்டியின் ரிமோட் வாளித் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டதாம். "மச்சான், அத்தைக்கு வாங்கிக் குடுத்தியே ஒரு ரிமோட்டு, அது எப்புடி? வாங்கலாமா?" என்று கேட்டான். "வேணாம்டா" என்றேன். இரண்டரை வருஷமாக எங்கள் வீட்டில் தினமும் வேலை செய்கிற சாமானுக்கு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னது அப்புறம் எனக்கே சரியாகப் படவில்லை. அதனால் முழுக் கதையையும் எழுதுகிறேன்.

ஹட்டனில் 1,200 ரூபாய்க்கு வாங்கியது. டிவிக்கோ டிஷ்ஷுக்கோ உரிய கோட் நம்பரை அடித்துப் பொருத்துகிற வகை இல்லை, மற்ற ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற வகை. தலவாக்கலையில் எங்கள் வீட்டில் அம்மா ஒரு கையில் டிவி ரிமோட்டும் மறு கையில் டிஷ் ரிமோட்டும் வைத்துக்கொண்டு தடுமாறுவார். சத்தத்தைக் கூட்ட ஒன்று, சேனல் மாற்ற இன்னொன்று. முப்பது வருஷம் கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன விரல்கள், எழுத்தும் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அந்த விஷயத்தில் இந்த ரிமோட் எனக்குப் பெரிய சந்தோஷம் தந்தது. கடையில் சொல்லித் தராததைச் சொல்லிவிடுகிறேன். மேலே டிவி, டிஷ், டிவிடி என்று மூன்று பட்டன் இருக்கும். டிவியை டிவி பட்டனுக்குக் கீழும் டிஷ்ஷை டிஷ் பட்டனுக்குக் கீழும் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் அந்தப் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும், பழைய தொல்லையேதான். நான் டிவியின் பவரையும் சத்தத்தையும், டிஷ் பெட்டியின் பவரையும் எண்களையும், எல்லாவற்றையும் ஒரே டிவி பட்டனுக்குள் போட்டுவிட்டேன். இரண்டு ரிமோட்டையும் மேசையில் இரண்டு விரல் இடைவெளியில் நேருக்கு நேர் படுக்க வைத்து, பட்டனை லேசாகத் தட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும். வெயில் விழுகிற ஜன்னலோரம் உட்கார்ந்தால் பதியாது, வெயிலிலும் அதே அகச்சிவப்பு ஒளி இருக்கிறது. பவர் பட்டனில் சிவப்பு கியூடெக்ஸ் ஒரு பொட்டு. அன்று இரவே அம்மா யாரையும் கூப்பிடாமல் தானே டிவியைப் போட்டுச் செய்தி பார்த்தார்.

மறுநாள் தொடங்கியது தொல்லை. அம்மா பார்க்கிற சேனல் எங்கள் பெட்டியில் 133. ஒன்று, மூன்று, மூன்று என்று அழுத்தினால் திரையில் 13 மட்டும்தான் வரும். "தம்பி, மூணு ஒட்ட மாட்டேங்குது" என்பார். இரண்டாவது மூன்று விழவே விழாது. கொஞ்சம் பொறுத்து அழுத்தினால் விழும், ஆனால் அதற்குள் பெட்டி 13ஐத் தேடிப் போய்விடும். ரப்பர் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக் கழற்றி, உள்ளே இருக்கிற கரிப்பொட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பிரயோசனம் இல்லை. போன் கமராவை ரிமோட்டின் முனைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஊதா நிறத்தில் விளக்கு மின்னுகிறது. ரிமோட் சரியாகத்தான் பேசுகிறது, பெட்டிதான் கேட்கவில்லை.

காரணம் தெரிய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பிலிப்ஸ் 1980களில் கொண்டுவந்த ஆர்சி-5 என்ற ரிமோட் சமிக்ஞை முறையிலும் அதன் வழி வந்தவற்றிலும், ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் சமிக்ஞைக்குள் ஓர் அடையாளம் 0, 1 என்று மாறி மாறிப் போகும். 'கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்துகிறேன்' என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். நகல் எடுக்கிற ரிமோட்டுக்கு அது தெரியாது. கற்றுக்கொண்ட அன்று இருந்த அடையாளத்தையே எப்போதும் அனுப்பும். பெட்டி, அம்மா மூன்றை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளும்.

தெரிந்த பிறகு சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதுமாக இருந்தது. மூன்று என்ற பட்டனுக்கு ஒரு தடவை கற்றுக்கொடுத்தேன். பழைய ரிமோட்டில் அதற்கு அடுத்த தடவை அழுத்திய மூன்றைக் கீழே சும்மா கிடந்த சிவப்புப் பட்டனுக்குக் கற்றுக்கொடுத்தேன். இப்போது ஒன்று, மூன்று, சிவப்பு. 133 வந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு வருஷம் அம்மா தன் விரலில்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தார். "வயசாயிருச்சு, அமுக்கத் தெரியல" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். இந்த ரிமோட்டோடு வந்த துண்டுச் சீட்டில் இதைப் பற்றி இரண்டு வரி போட்டிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

மற்றபடி குறை இல்லை. போன தென்மேற்கு மழைக்காலத்தில் வீடே ஈரமாகக் கிடந்தபோது அல்கலைன் பேட்டரி ஒன்று கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. கசிவது காரம் என்பதால் தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைத்து, ஒரு இரவு முழுக்க அடுப்படியில் காய வைத்தேன். காலையில் புது பேட்டரி போட்டால் கற்றது ஒன்றுகூட மறக்கவில்லை. இதற்கு முன் வைத்திருந்த கோட் ரிமோட் பேட்டரி மாற்றும் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

சரி, மச்சானுக்கு ஏன் வேண்டாம் என்றேன்? கோபம் பாதி. மற்றப் பாதி, இந்த ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுக்க உயிரோடு ஒரு ரிமோட் வேண்டும். பழையது செத்த பிறகு இதை வாங்குவது காசுக்குக் கேடு, அவனுக்கு கோட் அடிக்கிற வகைதான் சரி. இதைச் சொல்ல மறுபடி கோல் எடுத்தேன். "பக்கத்து லயத்துல அதே டிஷ்ஷுதான், ரிமோட்ட கொஞ்ச நேரம் கேட்டா தருவாங்க" என்றான். அப்படியென்றால் பதியும். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை, வாங்கிவிட்டான். அவன் அம்மா பார்க்கிற சேனலின் நம்பரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஒரே எண் பக்கத்தில் பக்கத்தில் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.