மாடு ஏற்றும் லாரியா? கிலோமீட்டர் ரேட்டை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கறவை மாடோ, ஆடோ, பன்றியோ, லாரியில் ஏற்றிக் கொண்டுவரப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் பேசிய வாடகை ஒன்று. இறக்கும் இடத்தில் கேட்டது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பணம் கைக்கு வரும்வரை பின்கதவைத் திறக்க மாட்டோம் என்று டிரைவர் சாவியோடு நின்றுவிட்டார். மாடுகள் உள்ளே இருந்தன.

எட்டு மாடுகள். சில கறவையில் இருந்தவை, இரண்டு சினை. தூரம் சுமார் 400 கிலோமீட்டர். பல இடங்களில் விசாரித்தோம். இந்த புரோக்கர் சொன்ன ரேட்தான் குறைவு. “கிலோமீட்டருக்கு இவ்வளவுதான் சார், எல்லாம் சேர்த்துத்தான்” என்றார். வேறு யாருடைய மாட்டையும் ஏற்றக்கூடாது என்று கேட்டதற்கு, “ஃபுல் வண்டியும் உங்களுக்குத்தான்” என்று மெசேஜே அனுப்பினார். அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது.

வண்டி வந்து நின்றபோது பில் எழுதப்பட்டது ஒரு டீசல் ரசீதின் பின்பக்கத்தில். டேஷ்போர்டின் மேல் வைத்து டிரைவர் எழுதினார். காலியாக வந்த தூரம், காலியாகத் திரும்பும் தூரம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சுங்கம், வெயிட்டிங், இரண்டாவது டிரைவர் பேட்டா, வண்டி கழுவும் செலவு. “எல்லாம் சேர்த்து” என்று சொன்ன ரேட்டுக்குள் இதில் ஒன்றுகூட இல்லை.

இதில் பெரிய அடி காலி தூரம்தான். வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து மாடு இருக்கும் இடத்துக்கு 40 கிலோமீட்டர், அங்கிருந்து நம் இடத்துக்கு 400, இங்கிருந்து ஷெட்டுக்குத் திரும்ப 420 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 860. மாட்டோடு ஓடுவது அதில் பாதிகூட இல்லை. மற்ற சரக்கு லாரி திரும்பும்போது ஏதாவது லோடு பிடித்துவிடும். சாணமும் மூத்திரமும் ஊறிய பாடியில் கழுவாமல் வேறு சரக்கு ஏற்ற முடியாது, அதனால் கால்நடை வண்டி பெரும்பாலும் காலியாகத்தான் திரும்பும். அந்தச் செலவை வண்டிக்காரர் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அதை முதல் பேச்சிலேயே சொல்ல வேண்டும். ரேட் சொல்லும்போது ஏற்றிய தூரத்துக்கு, பில் போடும்போது மீட்டர் காட்டும் தூரத்துக்கு என்றால் அதற்குப் பெயர் ஏமாற்று.

பணத்தைவிட வயிறு எரிந்தது வேறு ஒன்றுக்கு. கதவு திறந்தபோது உள்ளே பதினோரு மாடுகள் இருந்தன. வழியில் எங்கோ நிறுத்தி மூன்று மாடுகளைச் சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள். அதே கிலோமீட்டருக்கு அந்த மூன்று மாடுகளின் சொந்தக்காரரிடமும் வாடகை, எங்களிடமும் முழு வாடகை.

அந்தப் பாடி உள்ளளவு ஏறக்குறைய 6 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், அதாவது 13.2 சதுர மீட்டர். எட்டு மாட்டுக்குத் தலைக்கு 1.65 சதுர மீட்டர் கிடைத்திருக்கும். பதினொன்று என்றால் 1.2 தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு கால்நடைப் போக்குவரத்து ஒழுங்குமுறை, சுமார் 550 கிலோ எடையுள்ள மாட்டுக்கு 1.30 முதல் 1.60 சதுர மீட்டர் வரை கேட்கிறது. இந்தியாவின் 1978ஆம் ஆண்டு விதிகள் இன்னும் கறார்: சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது. அப்படிப் பார்த்தால் எங்கள் எட்டே அதிகம். நாட்டுக்கு நாடு அளவு மாறும், ஆனால் முதலில் கேட்க வேண்டியது எங்கும் ஒன்றுதான்: தளத்தின் பரப்பு. அதைச் சொல்லாமல் ஒருவர் கிலோமீட்டர் ரேட் மட்டும் சொன்னால், எத்தனை மாட்டை அடைக்கப் போகிறார் என்பதை அவர் கையில் வைத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். ரேட் குறைவாக இருப்பதற்குக் காரணமும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எங்கள் சினை மாடுகளில் ஒன்று வழியில் விழுந்திருக்கிறது. நெருக்கத்தில் விழுந்த மாட்டுக்குத் தலையை முன்னே நீட்டி எழ இடம் கிடைக்காது, மற்றவை மிதித்துவிடும். முன்முட்டி இரண்டிலும் தோல் உரிந்து, ரத்தத்தோடு சாணம் காய்ந்து ஒட்டியிருந்தது. தளத்தில் வைக்கோலும் இல்லை, மணலும் இல்லை, வழவழப்பான இரும்புத் தகடு மட்டும். விரிப்பு போடுவதாகப் பேச்சு. கறவை மாடுகளின் மடி கல்லாக இறுகி, காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டியது. அதே ஐரோப்பிய விதி, கன்று கூட வராத கறவை மாட்டை 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கறந்தாக வேண்டும் என்கிறது. வழியில் சுற்றிப்போய் மூன்று மாடு ஏற்றியதில் அந்த நேரமெல்லாம் கடந்துபோனது. அப்புறம் அந்தச் சுற்றுவழி கிலோமீட்டருக்கும் எங்களிடமே பணம் கேட்டார்கள்.

நான் தொகையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் டிரைவர், “நீங்க ஓனர்கிட்ட பேசிக்குங்கண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். ஓனர் போனை எடுக்கவில்லை. புரோக்கர் எடுத்தார், “அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்” என்று வைத்துவிட்டார். இந்த இடத்தில்தான் கால்நடை வாடகை மற்ற எந்த வாடகையையும் போல இல்லை. சிமெண்ட் மூட்டை என்றால் வண்டியை நிறுத்திவைத்து ஒரு நாள் முழுக்கச் சண்டை போடலாம். ஓடும்போது காற்று வரும் லாரியில் நின்றவுடன் காற்றோட்டம் குறைந்துவிடும். மாடுகளின் உடல் சூடும் மூச்சின் ஈரமும் உள்ளே ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் இல்லை, ஒன்று காலில் அடிபட்டு நிற்கிறது. நாம் வாதாடும் ஒவ்வொரு நிமிடமும் அவற்றின் தலையில் விழுகிறது. அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும், அதை வைத்தே பேரம் பேசுகிறார்கள். கேட்டதைக் கொடுத்து இறக்கினோம். அந்த நிலையில் யாராக இருந்தாலும் கொடுத்துத்தான் இருப்பார்கள்.

ஆகவே பேச வேண்டியதையெல்லாம் மாடு ஏறுவதற்கு முன்பே பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஷெட்டிலிருந்து ஷெட் வரை மொத்தம் எத்தனை கிலோமீட்டர், அதில் காலி எவ்வளவு. தளத்தின் உள் நீள அகலம் என்ன, எத்தனை தலை. முடிந்தால் நீங்களே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். சுங்கம், பேட்டா, ஏற்று இறக்குக்கூலி, கழுவும் செலவு ரேட்டுக்குள்ளா வெளியேவா. வெயிட்டிங் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும், மணிக்கு எவ்வளவு. வேறு மாடு ஏற்றினால் நம் வாடகையில் எவ்வளவு கழியும் என்பதையும், நம் சம்மதம் இல்லாமல் ஏற்றக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்த தொகையைத் தலைக்கு வகுத்துப் பார்த்து, அந்த எண்ணை வைத்து ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிடுங்கள். கிலோமீட்டர் ரேட்டை வைத்து ஒப்பிட்டால் ஏமாற்றுக்காரர்தான் எப்போதும் ஜெயிப்பார்.

பில்லில் வராத செலவுகளும் உண்டு. நீண்ட பயணத்தில் மாடு தன் எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை இழக்கலாம். முதல் சில மணி நேரத்தில் குறைவது பெரும்பாலும் குடலில் இருக்கும் தீனியும் தண்ணீரும், அதற்குப் பிறகு உடம்பே கரையத் தொடங்கும். எடைக்கு விலை பேசியிருந்தால் எந்த முனையில் எடை போடுவது என்பதை வாங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். கறவை பழைய அளவுக்குத் திரும்பவும் நாளாகும். பிரசவத்துக்கு நெருங்கிய மாட்டை, அதாவது சினைக்காலத்தில் பத்தில் ஒன்பது பங்கு முடிந்ததை, ஏற்றவே கூடாது. மற்ற மாடுகளையும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, பயணத்துக்குத் தகுதி என்று சான்று வாங்கியே ஏற்றுங்கள். சரக்குக் காப்பீடு இருக்கிறது என்று வண்டிக்காரர் சொன்னால், வழியில் மாடு இறந்தால் அதில் பணம் வருமா என்று தனியாகக் கேளுங்கள். பல சமயம் வராது.

அந்த மூன்று மாடுகள் எங்கிருந்து வந்தவை, தடுப்பூசி போட்டவையா என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் மாடுகளோடு மூக்கும் வாயும் உரசிக்கொண்டு வந்திருக்கின்றன. வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரி நோய் ஒட்டியிருந்தால் வெளியே தெரிய இரண்டு நாள் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அதனால் வந்தவற்றைப் பழைய மாடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டி, தனி ஆள் வைத்துத் தீனி போட்டோம். அந்தக் கூலியும், முட்டிக் காயத்துக்கு மருத்துவர் செலவும், ஊற்றிப்போன பாலும் எந்த ரசீதிலும் இல்லை.

அடிபட்ட மாடு தேறிவிட்டது, சினை கலையவில்லை. புரோக்கரின் மெசேஜ், டீசல் ரசீதில் எழுதிய பில், கதவு திறந்ததும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகாராகக் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்தால் இறக்குவதற்கு முன்பே எண்ணிக்கை தெரியும்படி படம் எடுங்கள், வண்டி எண்ணும் அதில் விழட்டும். பணம் கொடுக்கும்போது ‘ஆட்சேபத்தோடு கொடுக்கிறேன்’ என்று ரசீதில் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.